ரயில் வரட்டும், கணக்கும் வரட்டும்!



2025 மார்ச் மாதம் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தமிழ்நாடு பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு வந்தது. சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரை 167 கிலோமீட்டர். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வழியாக வேலூர் வரை 140 கிலோமீட்டர். கோவையிலிருந்து திருப்பூர், ஈரோடு வழியாக சேலம் வரை 185 கிலோமீட்டர். இந்த மூன்று தடங்களிலும் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் மண்டல விரைவு ரயில் விட முடியுமா என்று ஆய்வு செய்யப் போவதாகச் சொன்னார்கள்.

ரயில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம்ம பிள்ளைகள்தான் விடியற்காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு காலேஜுக்கும் கம்பெனி வேலைக்கும் போகிறார்கள். ரயிலின் அருமை நமக்குத் தெரியும். நாம் கேட்பது இரண்டே கேள்விதான். செலவு எவ்வளவு, அது யார் தலையில் விழும்? நிலம் எந்தச் சட்டத்தில் எடுக்கப்படும்?

முதலில் செலவைப் பார்ப்போம். இந்த மாதிரி ரயில் டெல்லிக்கும் மீரட்டுக்கும் இடையே போடப்பட்டது. நீளம் 82 கிலோமீட்டர். 2019-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தபோது மதிப்பீடு 30,274 கோடி ரூபாய். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 369 கோடி. நம்ம மூன்று தடங்களையும் கூட்டினால் 492 கிலோமீட்டர். அதே விலைக்குப் பெருக்கினால் ஒரு லட்சத்து 81 ஆயிரம் கோடியைத் தாண்டுகிறது. அங்கே சுரங்கமும் உயர்பாலமும் அதிகம், இங்கே செலவு குறையும் என்பார்கள். சரி, பாதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 90 ஆயிரம் கோடி!

இவ்வளவு பணம் கையில் வைத்துக்கொண்டு யாரும் ரயில் போடுவதில்லை, கடன்தான் வாங்குகிறார்கள். டெல்லி–மீரட் ரயிலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி உள்ளிட்ட பன்னாட்டு வங்கிகளில் கடன் வாங்கினார்கள். சென்னை மெட்ரோ முதல் கட்டத்தில் பாதிக்கு மேல் ஜப்பான் கடன். இரண்டாம் கட்டம் 63,246 கோடி. 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தரும் வரை அது மாநில அரசின் திட்டமாகவே நடந்தது, பாரமும் மாநிலத்தின் தோளில்தான் இருந்தது. டிக்கெட் வாங்குகிறவர் மட்டும் இந்தக் கடனைக் கட்டுவதில்லை. டிராக்டருக்கு டீசல் போடுகிறவரும், கடையில் சோப்பு வாங்குகிறவரும் வரியாகச் சேர்ந்தே கட்டுகிறார்கள். ரயிலையே பார்க்காத ஊர்க்காரருக்கும் அதில் பங்கு உண்டு.

சொன்ன செலவு சொன்னபடி நிற்பதும் இல்லை. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதை. 2008-இல் வேலை தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் நிலத்துக்கு இழப்பீடு எவ்வளவு என்ற வழக்கில் பல வருஷம் வேலை முடங்கியது. 495 கோடி மதிப்பீடு 730 கோடியாக ஏறியது. நிலத்துக்காரரிடம் முதலிலேயே நியாயமாகப் பேசி முடித்திருந்தால், இவ்வளவு வருஷமும் மிச்சம், பணமும் மிச்சம்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். கவனமாகப் படியுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் நாடு முழுக்க விவசாயிகள் போராடிப் பெற்றது. நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும், கிராம மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும், ஆட்சேபணை சொல்ல 60 நாள் தர வேண்டும் என்று அது சொல்கிறது. தனியாரோடு கூட்டுச் சேர்ந்த திட்டம் என்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 70 சதவீதம் பேரின் சம்மதம் வேண்டும்.

ஆனால் அதே சட்டத்தின் 105-ஆவது பிரிவு ஒரு பின்கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நான்காம் அட்டவணையில் உள்ள 13 சட்டங்களுக்கு இந்த நடைமுறை பொருந்தாது. அந்தப் பதின்மூன்றில் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டமும் இருக்கிறது, 1978-ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் கட்டுமானச் சட்டமும் இருக்கிறது. ஆக, புதுப் பாதையை ரயில்வே என்று சொன்னாலும் சரி, மெட்ரோ என்று சொன்னாலும் சரி, அந்த வழியில் நிலம் எடுத்தால் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. ரயில்வே சட்டத்தில் ஆட்சேபணைக்கு 30 நாள்தான். இழப்பீடு மட்டும் 2015 முதல் 2013 சட்டப்படி தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். அதுவும் சும்மா கிடைத்ததல்ல, போராட்டத்தின் பலன்.

'இழப்பீடுதான் வருதே, அப்புறம் என்ன?' என்று சிலர் கேட்கலாம். பட்டா உள்ளவருக்குப் பணம் வரும். அந்த நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர், அங்கே மூன்று வருஷமாகக் கூலி வேலை செய்து பிழைக்கிறவர், இவர்களையும் பாதிக்கப்பட்டவராகக் கருதுகிறது 2013 சட்டம். மதிப்பீடே நடக்காவிட்டால் இவர்கள் பெயரை யார் எழுதுவது? பாதை வயலை இரண்டாக வெட்டினால் அந்தப் பக்கத்துக்கு ஏர் எப்படிப் போகும்? ஏரிக்கு வரும் வரத்துக்கால்வாய் அடைபட்டால் ஆயக்கட்டு முழுசும் காயுமே, அதற்கு யார் பொறுப்பு? பணத்தை எண்ணிக் கொடுப்பதோடு முடிகிற விஷயம் இல்லை இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொரோனாவில் நிறுத்திய பாசஞ்சர் வண்டிகளைத் திரும்ப விட்டபோது, எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றி 10 ரூபாய் குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ரூபாய் ஆக்கினார்கள். பழைய கட்டணம் திரும்ப 2024 பிப்ரவரி வரை ஆனது. பூக்கூடையோடும் கீரைக்கட்டோடும் போகிறவர்களுக்கு ஏழை ரயில் அதுதான். லட்சம் கோடியில் புது ரயில் யோசிக்கும்போது, இருக்கிற பாதையை இரட்டிப்பாக்கி, கூடுதல் பாசஞ்சர் விட என்ன செலவாகும் என்ற கணக்கையும் பக்கத்திலே வைக்க வேண்டாமா?

ஆகவே நாம் கோருவது:

1. ஆய்வு அறிக்கை முழுவதையும் தமிழில் வெளியிட வேண்டும். மொத்தச் செலவு, கடன், வட்டி, ஆண்டு நட்டத்தை ஏற்பவர் யார் என்பது அதில் இருக்க வேண்டும்.

2. எந்தச் சட்டத்தில் நிலம் எடுத்தாலும் சமூகத் தாக்க மதிப்பீடும் கிராமசபைக் கருத்துக்கேட்பும் நடத்த வேண்டும்.

3. குத்தகைதாரர், கூலித் தொழிலாளர் பெயர்களும் பட்டியலில் ஏற வேண்டும்.

4. நீர்வழியும் வண்டிப்பாதையும் வரைபடத்திலேயே உறுதி செய்யப்பட வேண்டும்.

5. இருக்கும் பாதைகளின் மேம்பாட்டை முதலில் பரிசீலிக்க வேண்டும்.

அளவுக்கல் நட வரும் வரை காத்திருக்காதீர்கள். அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாக எழுத வையுங்கள், நகல் கேட்டு வாங்குங்கள். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். பட்டா, அடங்கலைச் சரிபார்த்து வையுங்கள். நிலம் வாங்கி விற்கும்போது பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டாதீர்கள். சுற்றுவட்டாரத்தில் கடைசி மூன்று ஆண்டுகளில் பதிவான பத்திரங்களைப் பார்த்துத்தான் நாளை நம் எல்லோருக்கும் விலை போடுவார்கள்.

ரயில் நாட்டுக்குத் தேவை. சோறும் நாட்டுக்குத் தேவை. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசச் சொல்கிறோம். அந்த மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி வேண்டும். ஒன்றாய் நின்றால் அதை வாங்கலாம்!