விரைவு மின்னேற்றம்: வேகம் மட்டும் போதுமா?

மின்சாரக் கார் வாங்க எண்ணுவோர் பலரும் முதலில் கேட்பது, மின்னேற்றத்திற்கு எவ்வளவு நேரமாகும் என்பதே. 30 யூனிட் கொள்ளளவுள்ள மின்கலத்தை வீட்டின் 15 ஆம்பியர் இணைப்பில் முழுமையாக நிரப்ப ஏறத்தாழ 10 மணி நேரம் வேண்டும். 60 கிலோவாட் விரைவு மின்னேற்ற நிலையத்தில் அதே மின்கலத்தைச் சுமார் ஒரு மணி நேரத்தில் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்திற்குக் கொண்டுவந்துவிடலாம். அதற்கு மேல், மின்கலத்தைக் காக்கும் பொருட்டு வேகம் தானே குறைந்துவிடும். பின்னால் வரிசை நிற்கும்போது 80 சதவீதத்துடன் புறப்படுவதே நாகரிகம்.

நீண்ட பயணம் செய்வோர்க்கு இவ்வசதி பெரும் வரம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதை நடத்துவோரின் கணக்கையும் சற்றுப் பார்க்க வேண்டும். 60 கிலோவாட் கருவிகள் இரண்டு ஒரே நேரத்தில் இயங்கினால் தேவைப்படுவது 120 கிலோவாட். வீடொன்றுக்கு 4 கிலோவாட் எனக் கொண்டால் இது 30 வீடுகளின் சுமை. இதற்கெனத் தனி மின்மாற்றி தேவைப்படலாம். வண்டிகள் வந்தாலும் வராவிட்டாலும் மாதந்தோறும் நிலைக்கட்டணம் செலுத்தியாக வேண்டும். நாளொன்றுக்கு நான்கைந்து வண்டிகளே வரும் நெடுஞ்சாலை நிலையத்தில் இந்தச் செலவு மீள்வது அரிது. வருவாய் குன்றினால் பழுதுபார்ப்பு தள்ளிப்போகும். பழுதான கருவியின் முன் நிற்கும் பயணிக்கு அதன் வேகத்தால் என்ன பயன்?

மின்னேற்ற நிலையம் நடத்த உரிமம் தேவையில்லை என்று மத்திய மின் அமைச்சகம் 2018ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது. 2024இல் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் 10,900 கோடி ரூபாயில் 2,000 கோடி ரூபாய் பொது மின்னேற்ற நிலையங்களுக்கென ஒதுக்கப்பட்டது. பணத்திற்குக் குறைவில்லை. நிறுவிய கருவிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், அவை ஆண்டில் எத்தனை மணி நேரம் பழுதின்றி இயங்கின என்பதற்கே மானியம் கூடுதலாகச் சேர வேண்டும் என்பது எமது கருத்து. நிறுவனத்திற்கொரு செயலி, செயலிக்கொரு முன்பணம் என்னும் தொல்லையும் ஒழிய வேண்டும். தேநீர்க் கடையிலேயே யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்தும் நாட்டில், வாடிக்கையாளரின் பணம் நான்கு செயலிகளில் முடங்கிக் கிடப்பானேன்?

அன்றாட ஓட்டத்திற்கோ இரவில் வீட்டிலேயே மெதுவாக ஏற்றிக்கொள்வதுதான் சிக்கனம். பொது நிலையத்தில் யூனிட் விலை கூடுதல், அதன்மேல் சரக்கு சேவை வரியும் உண்டு. ஆகவே வண்டி இரவில் எங்கே நிற்கும் என்பதே வாங்குவோர் முதலில் ஆராய வேண்டியது. புதிய கட்டடங்களின் வாகன நிறுத்தத்தில் 20 சதவீத இடத்திற்கு மின்னேற்ற வசதி வேண்டும் என 2019இல் மாதிரிக் கட்டட விதிகள் திருத்தப்பட்டன. பழைய அடுக்குமாடிகளில் வசிப்போர்க்கு அத்தகைய பிடிமானம் இல்லை. அவர்கள் குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலையும், இணைப்புக்கான செலவு மதிப்பீட்டையும் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன்பே எழுத்து வடிவில் பெற்றுக்கொள்வது நலம்.