இன்னும் நாலு ஸ்பீக்கர் எதற்கு?



ஏற்காட்டில் நாலு நாளாக ஒரே மூடுபனி. வாசலில் நிற்கும் சில்வர் ஓக் மரமே தெரியவில்லை. வெளியே போக வழியில்லாததால் இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். வகுப்பில் நெளிந்தவர்கள் இங்கேயும் நெளிவீர்கள், தெரியும். ஆனாலும் கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு புகைப்படம் வந்தது. உறவுக்காரப் பையன் ஒருவன் வீட்டில் புது ஹோம் தியேட்டர். சுவரிலே ஏழு, கூரையிலே நாலு, மூலையிலே ஒரு சப்வூஃபர். எல்லோரும் இதயம் போட்டார்கள். "அத்தை வீட்டுக்கும் இதே மாதிரி மாத்திடலாம்" என்று என் தம்பி மகன் எழுதினான். நான் "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் பதில் போட்டேன். அதிலிருந்து "டீச்சர் காசை இறுக்கிப் பிடிக்கிறார்" என்று பேச்சு. காசு விஷயம் இல்லை பிள்ளைகளே. நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் இதே தம்பி மகன் ஆசையாக ஒரு 5.1 செட் வாங்கிக் கொடுத்தான். முதல் மாதம் வீடே திருவிழா. அப்புறம் என் வீட்டுக்காரர் மெல்ல எழுந்து போக ஆரம்பித்தார். படம் ஓடிக் கால் மணி நேரம் ஆகும்; "தூக்கம் வருது, நீ பாரு" என்பார். நாற்பது வருடமாக ஒன்றாகப் படம் பார்த்தவர்கள் நாங்கள். ஒரு நாள் விடாமல் கேட்டேன். "என்ன பேசுறாங்கன்னே புரியலை. ஒவ்வொரு வசனத்துக்கும் உன்கிட்ட கேட்க வெட்கமா இருக்கு" என்றார். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

சேலத்தில் ஒரு கடையில் போய்க் கேட்டோம். "பின்னாடி ரெண்டு, மேலே ரெண்டு சேர்த்தா சரியாயிடும் மேடம், 42,000 ஆகும்" என்றார்கள். வசனம் எந்த ஸ்பீக்கரில் வருகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. வீட்டில் உட்காரும் இடம் எது என்றும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது அதில்தான்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்த இடைநிலை ஆசிரியை; இன்ஜினியர் இல்லை. ஆனால் உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் எனக்குத் தெரியும். உயிரெழுத்து தாழ்ந்த அதிர்வில், பலமாக ஒலிக்கும். க், ச், ட், த், ப் போன்ற வல்லின மெய்கள் ஒரு நொடியில் மின்னி மறையும். அவற்றை அடையாளம் காட்டும் ஒலி பெரும்பாலும் உயர்ந்த அதிர்வில், மெலிசாக இருக்கும். வயதானால் காது முதலில் இழப்பது அந்த உயர்ந்த அதிர்வைத்தான். அதாவது என் வீட்டுக்காரருக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. "பாட்டி" என்றாலும் "காத்தி" என்றாலும் அவருக்கு "ஆ... இ" தான். இவருக்கு இன்னும் நாலு ஸ்பீக்கரில் மழைச் சத்தமும் ஹெலிகாப்டரும் சேர்த்தால், இருக்கிற மெய்யும் அமுங்கிப் போகும்.

கணக்கைப் பாருங்கள். 5.1 என்றால் முன்னே இடம், வலம், நடு, பக்கத்தில் இரண்டு, அந்த ".1" சப்வூஃபர். 7.1 என்றால் முதுகுக்குப் பின்னால் இன்னும் இரண்டு. 7.1.4 என்றால் தலைக்கு மேலே நாலு. இத்தனையிலும் வசனத்தில் பெரும்பகுதி வருவது ஒரே ஒரு பெட்டியில்: நடு ஸ்பீக்கரில். அதை டிவி அலமாரிக்குள்ளே, கண்ணாடிக் கதவுக்குப் பின்னே, பூஜாடிக்குப் பக்கத்தில் சொருகிவிட்டு, கூரையில் ஓட்டை போட ஆள் தேடுகிறோம்!

நம் ஊர் வீடுகளுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. பழைய வீடுகளில் சரிவான ஓட்டுக்கூரை. கூரையில் பட்டுத் திரும்பும்படி மேல் நோக்கிப் பாடும் ஸ்பீக்கருக்குத் தட்டையான கூரை வேண்டும். சரிவில் பட்டால் ஒலி எங்கோ போகும். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால், பின்னால் வைக்கும் இரண்டு ஸ்பீக்கருக்கு இடமே கிடையாது. காதுக்குப் பக்கத்தில் நின்று கத்தும், அவ்வளவுதான். இன்னொன்று: 5.1 ரிசீவரில் ஏழு ஸ்பீக்கர் ஓட்ட ஆம்ப்ளிஃபயர் இருக்காது. "ஒரே ஒயரில் ரெண்டு மாட்டிக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்க இணைப்பில் மாட்டினால் 4 ஓம் ஆகிவிடும். அதைத் தாங்காத ரிசீவர் சூடேறி நின்றுவிடும்.

சேலத்திலிருந்து மலைக்கு வரும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர்.சுந்தரம் 1935-ல் தொடங்கிய நிறுவனம். 1950-ல் வந்த 'மந்திரி குமாரி' அங்கே தயாரானதுதான், வசனம் மு.கருணாநிதி. ஊர் ஊராக ஜனங்கள் அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொன்னார்கள். அந்தக் காலத்துப் படத்துக்கு ஒலித்தடம் ஒன்றே ஒன்று. டூரிங் கொட்டகையில் திரைக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கரில் கேட்டவர்களுக்குச் சொல் புரிந்தது. பதினோரு பெட்டி வைத்திருக்கும் நாம் சப்டைட்டில் படித்துக்கொண்டிருக்கிறோம். இதுதான் முன்னேற்றமா?

சரி, குறை மட்டும் சொன்னால் போதாது. நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

ஒன்று: நடு ஸ்பீக்கரை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, பலகையின் முன் விளிம்பில் வைத்து, முகம் எங்கள் காதைப் பார்க்கும்படி லேசாகச் சாய்த்தோம். செலவு இல்லை.

இரண்டு: ரிசீவர் மெனுவில் நடு ஸ்பீக்கரை மட்டும் 3 டெசிபல் ஏற்றினோம். சப்வூஃபரைக் குறைத்தோம். இரவில் பெரிய சத்தத்தையும் சின்னச் சத்தத்தையும் நெருக்கிக் கொடுக்கும் 'நைட் மோட்' போட்டோம். இதற்கும் செலவு இல்லை.

மூன்று: எங்கள் கூடம் சிமென்ட் தரை, கல் சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல். கைதட்டினால் கிணறு மாதிரி எதிரொலிக்கும். தரையில் பவானி ஜமுக்காளம் விரித்தோம், ஜன்னலுக்குக் கனமான திரை போட்டோம். பாதி இரைச்சல் அடங்கியது.

நான்கு: இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஒரு ஸ்பீக்கர் வாங்கினோம். முன்பக்க இரண்டும் எந்தக் கம்பெனி, எந்த வரிசையோ, அதே வரிசையில் நல்ல நடு ஸ்பீக்கர். மூன்றுக்கும் ஒரே குரல் வேண்டும். வேறு வேறு கம்பெனியானால் ஆள் திரையில் நடக்க நடக்கக் குரல் மாறும்.

ஐந்து: அவர் காதையும் பரிசோதித்தோம். இதைச் செய்ய எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். ஸ்பீக்கருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் அப்பா அம்மாவை ஒரு முறை காது மருத்துவரிடம் அழைத்துப் போக யோசிக்கிறோம்.

"தியேட்டரில் நல்லாத்தானே இருக்கு டீச்சர்?" என்று சிலர் கேட்பீர்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. 2012-ல் 'சிவாஜி' படம் 3டியில் வந்தபோதே டால்பி அட்மாஸ் நம்மிடம் வந்துவிட்டது. ஆனால் அந்த ஹால் ஒலிக்காகவே கட்டியது. உன் வீட்டில் தனி அறை இருந்து, சோபாவுக்குப் பின்னால் நாலைந்து அடி இடம் இருந்து, நடு ஸ்பீக்கரும் சரியாக இருந்தால், தாராளமாகப் பின்னால் இரண்டு வை. அப்புறம் மேலே பார். வரிசைதான் முக்கியம். 'அ' தெரியாமல் 'ஔ' எழுதக் கூடாது.

மலையில் காட்டேஜ் வைத்திருக்கும் என் பழைய மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சப்வூஃபர் சத்தம் உங்கள் சுவரோடு நிற்காது. மேட்டு வீட்டில் தட்டினால் பள்ளத்து வீட்டில் ஜன்னல் அதிரும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல்தான் வரம்பு என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அங்கே பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளையும் இருக்கும். நீங்களும் அப்படிப் படித்தவர்கள்தானே?

போன ஞாயிற்றுக்கிழமை இரவு படம் பார்த்தோம். பாதியில் ஒரு வசனத்துக்கு நான் சிரிக்கும் முன்னே அவர் சிரித்துவிட்டார். எனக்கு அது போதும். பதினோரு ஸ்பீக்கரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் யாராவது படத்தின் நடுவே "தூக்கம் வருது" என்று எழுந்து போகிறார்களா? இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய டீச்சர், ஏற்காடு.