வாவிக்கரையில் தொடங்க வேண்டிய பாடம்

காலநிலை மாற்றம் என்றவுடன் எமது மாணவர்களின் மனக்கண்ணில் தோன்றுவது துருவப் பிரதேசங்களில் உருகும் பனிப்பாறைகளே. பாடசாலைக்கு அருகே பரந்து கிடக்கும் மட்டக்களப்பு வாவி அல்ல. இதற்காக மாணவரைக் குறைகூறிப் பயனில்லை. வாவியைக் கொண்டு கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்திருக்கின்றோமா என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினாவாகும்.

சுமார் 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவி பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலுடன் சேர்கின்றது. வரட்சிக் காலத்தில் மணல் மேடு முகத்துவாரத்தை மூடிவிடுகின்றது. வடகீழ்ப் பருவமழை வந்ததும் அது தானாக உடைகின்றது அல்லது வெட்டப்படுகின்றது. வயல் மூழ்கிய விவசாயி உடனே வெட்டுமாறு கோருவார். மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும் என மீனவர் அஞ்சுவார். உலகக் கடல்மட்டமோ 1901 முதல் 2018 வரை சுமார் 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. அது மேலும் உயருமாயின் வெள்ளம் வடியத் தாமதமாகும். கோடையில் உவர்நீர் உள்ளே ஏறும். இதனைவிடச் சிறந்த பாடநூல் வேறு எது?

எனினும், வாவியின் துன்பங்கள் அனைத்தையும் காலநிலையின் தலையில் சுமத்துவதும் தவறாகும். கண்டல் அழிப்பும், கரையை நிரப்புவதும், குப்பை கொட்டுவதும் எமது கைவினைகளே. எது எதனால் நேர்ந்தது எனப் பகுத்தறியக் கற்பிப்பதே ஆசிரியரின் பணி. அறியாமையின் விலையை நாம் ஏற்கனவே செலுத்தியுள்ளோம். 2004 ஆழிப்பேரலையின் பின்னர் நாட்டின் பல கரையோரங்களில் நாட்டப்பட்ட கண்டல் கன்றுகள், பொருத்தமான இடமும் இனமும் அறியப்படாமையால் பெருமளவில் மடிந்தன. அத்தவறுகளிலிருந்து பாடம் கற்ற மீளுருவாக்கப் பணியையே 2024 இல் ஐக்கிய நாடுகள் சபை உலக முன்மாதிரிகளுள் ஒன்றாக அங்கீகரித்தது.

மண்டபத்தில் ஒருநாள் செயலமர்வு நடத்திச் சான்றிதழ் வழங்குவதால் இத்தகைய அறிவு வந்துவிடாது. ஆசிரியர்கள் கரையில் நின்று, ஆண்டு முழுவதும் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் அளந்து பதியப் பழக வேண்டும். முதிய மீனவரும் விவசாயியும் அவர்களுக்கு வளவாளர்களாக அமைய வேண்டும். தாழங்குடா, அட்டாளைச்சேனை தேசிய கல்வியியற் கல்லூரிகள் இதற்கு முன்வரலாம். காத்தான்குடி, ஏறாவூர் ஆசிரியர்களும் ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி ஆசிரியர்களும் ஒரே கரையில் ஒன்றாகப் பயில்வது அவசியம். வாவிக்கு இனமுமில்லை, மதமுமில்லை.

முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என நாளை தீர்மானிக்கப் போகின்றவர்கள் இன்று வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் வாவியை அறிந்து தீர்மானிப்பார்களா, அறியாது தீர்மானிப்பார்களா என்பது, அவர்களின் ஆசிரியர்களை நாம் இன்று எவ்வாறு தயார்ப்படுத்துகின்றோம் என்பதிலேயே தங்கியுள்ளது. கல்வி அதிகாரிகள் இதனைக் கவனத்திற் கொள்வார்களாக.