ஆப்பிள் தோட்டமும் வேர்ச்செடியும்

ஆப்பிள் பயிரிடுவோர் பழத்தின் ஜாதியை ஆராய்ந்து வாங்குகின்றனரேயன்றி, அது ஒட்டப்பட்டிருக்கும் வேர்ச்செடியைப் பெரும்பாலும் விசாரிப்பதில்லை. மரத்தின் உயரமும், அது காய்க்கத் தொடங்கும் வயதும் பெரிதும் வேர்ச்செடியையே பொறுத்தவை.

இங்கிலாந்தில் கெண்ட் ஜில்லாவிலுள்ள ஈஸ்ட் மாலிங்கில் 1913-ம் ஆண்டில் ஏற்பட்ட ஆராய்ச்சி நிலையம் இதனைத் தெளிவாக்கிற்று. அக்காலத்தில் நாற்றுப்பண்ணைகள் ‘பாரடைஸ்’ என்ற ஒரே பெயரால் பலவகை வேர்ச்செடிகளைக் கலந்து விற்றுவந்தன. ஹாட்டன் என்பார் அவற்றை வகை பிரித்து எண்ணிட்டார். ஒன்பதாம் எண்ணில் ஒட்டிய மரம் சுமார் 8 முதல் 10 அடியே வளரும், விரைவிற் காய்க்கும், ஆயினும் வேர் பலமற்றதாதலால் ஆயுள் முழுதும் முட்டுக்கால் வேண்டும். பின்னர் ஜான் இன்னஸ் நிலையத்துடன் கூடி உண்டாக்கி, 1952-ல் வெளியிட்ட வேர்ச்செடிகளிற் பெரும்பாலானவை கம்பளி அசுவினியை எதிர்த்து நிற்பவை.

நெல்லில் நேர்ந்த பிழையை மறுபோகத்திலேயே திருத்தலாம். பழமரத்தில் நேர்ந்த பிழையோ பல்லாண்டுகள் கழிந்தே தெரியும். ஆதலின், வேர்ச்செடியின் எண்ணைக் குறிக்காது கன்றுகளை விற்பது தகாது; அதைக் கேளாது வாங்குவதும் விவேகமாகாது.