பொருத்துவது நாம்; மெருகேற்றுவது யார்?

ஆண்டுதோறும் செப்டம்பர் பிறந்தால் புதிய ஐபோன் வருகிறது. கேமரா சற்றுக் கூர்மையாகிறது; திரை சற்றுக் கூடுதலாகப் பளபளக்கிறது. 2007-ல் பொத்தான்களை ஒழித்துத் தொடுதிரையைக் கையில் கொடுத்தபோது உலகம் அடைந்த வியப்பு மட்டும் இப்போது இல்லை. மாபெரும் தொழில்நுட்ப நிறுவனங்கள் புதியன படைப்பதைக் கைவிட்டுவிட்டனவா, பழைய சரக்குக்கே மெருகு பூசி விற்கின்றனவா என்ற விவாதம் மேலைநாடுகளில் சில ஆண்டுகளாகவே நடந்து வருகிறது.

விவாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2024 நிதியாண்டில் ஆப்பிள் நிறுவனம் ஆராய்ச்சி, மேம்பாட்டுப் பணிகளுக்குச் செலவிட்ட தொகை சுமார் 3,100 கோடி டாலர். அதே ஆண்டில் தனது பங்குகளைத் தானே சந்தையில் திரும்ப வாங்குவதற்குச் செலவிட்டது சுமார் 9,500 கோடி டாலர். அதாவது, நாளைய பொருளுக்குச் செலவிட்டதைப்போல மூன்று மடங்கு தொகை, இன்றைய பங்குதாரர்களைத் திருப்திப்படுத்தச் சென்றிருக்கிறது.

கூகுளின் கதையும் ஏறத்தாழ இதுவே. இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களுக்கு அடித்தளமான 'டிரான்ஸ்பார்மர்' கட்டமைப்பை 2017-ல் வெளியிட்டவர்கள் கூகுளின் ஆராய்ச்சியாளர்கள். ஆனால் 2022 நவம்பரில் அதை உரையாடும் மென்பொருளாக்கிப் பொதுமக்களின் கையில் கொடுத்து உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது ஓபன்ஏஐ. 1975-ல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கிவிட்டு, படச்சுருள் வியாபாரம் கெட்டுவிடுமே என்று தயங்கி நின்ற கோடக் நிறுவனத்தின் வரலாறு நினைவுக்கு வருவது இயல்பே.

இருப்பினும், இந்தக் கேள்வியை கலிபோர்னியாவில் இருந்து கேட்பது வேறு. திருப்பதியில் இருந்து கேட்பது வேறு. புதிது படைக்கிறார்களா, மெருகேற்றுகிறார்களா என்பது அவர்களது கவலை. அந்த இரண்டில் எதுவுமே இங்கு நடக்கவில்லையே என்பதுதான் நமது கவலையாக இருக்க வேண்டும்.

ஸ்ரீசிட்டி சொல்லும் பாடம்

தமிழக எல்லையை ஒட்டி, சத்தியவேடு பகுதியில் அமைந்திருக்கிறது ஸ்ரீசிட்டி தொழில் நகரம். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாக இப்போது உள்ளது. சீனாவின் ஷியோமி நிறுவனம் இந்தியாவில் தயாரித்த முதல் செல்பேசியை 2015 ஆகஸ்டில் விசாகப்பட்டினத்தில் அறிமுகப்படுத்தியபோது, அது உருவான இடம் ஸ்ரீசிட்டியில் இருந்த பாக்ஸ்கான் ஆலை. ஆலைப் பணிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமங்களின் இளம்பெண்கள். மழையை நம்பிய விவசாயத்தைத் தவிர வேறு பிழைப்பு அறியாத குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் வந்தது. இதைச் சிறிய செய்தி என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அதற்குப் பிந்தைய 10 ஆண்டுகளைக் கணக்கெடுத்துப் பார்க்க வேண்டும். 2010-ல் தொடங்கப்பட்ட ஷியோமி, ஆரம்பத்தில் பிறருடைய சில்லுகளையும் பிறருடைய மென்பொருளையும் கொண்டு மலிவான செல்பேசி விற்ற நிறுவனம். அதே நிறுவனம் 2024-ல் மின்சாரக் காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2025-ல் தனது செல்பேசிக்குத் தானே வடிவமைத்த உயர்நிலைச் சில்லை அறிமுகப்படுத்தியது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மெருகேற்றியவர்கள், அந்தப் பழக்கத்தின் பலத்தில் புதியதைப் படைக்கும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். அந்த 10 ஆண்டுகளில் ஸ்ரீசிட்டியின் கைகள் பழகியது, வந்த பாகங்களைப் பிழையின்றிப் பொருத்தும் வேலையை.

பணம் எங்கே போகிறது என்பதையும் ஒரு வழக்கு வெளிச்சமிட்டுக் காட்டியது. வெளிநாடுகளுக்கு முறைகேடாகப் பணம் அனுப்பியதாகக் குற்றம்சாட்டி, ஷியோமியின் இந்தியப் பிரிவுக்குச் சொந்தமான ரூ.5,551 கோடியை அமலாக்கத் துறை 2022 ஏப்ரலில் முடக்கியது. குற்றச்சாட்டை மறுத்த நிறுவனம், அத்தொகையில் 84 சதவீதத்துக்கும் மேற்பட்டது அமெரிக்காவின் குவால்காம் நிறுவனத்துக்குக் காப்புரிமைக் கட்டணமாகச் செலுத்தப்பட்டது என்று விளக்கம் அளித்தது. வழக்கின் நியாயம் எதுவாக இருப்பினும், நிறுவனமே அளித்த விளக்கத்தில் ஓர் உண்மை இருக்கிறது. அறிவு எவரிடம் இருக்கிறதோ, செல்பேசி எங்கு பொருத்தப்பட்டாலும், கப்பம் அவருக்கே போய்ச் சேருகிறது.

ஒரு கோடி ரூபாய்த் தொழில்நுட்பம்

நம்மிடம் அறிவே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. செயற்கைக்கோள்களுக்கும் ராக்கெட்டுகளுக்கும் தேவையான லித்தியம் அயனி செல்களை இஸ்ரோவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் சொந்தமாக உருவாக்கியது. அத்தொழில்நுட்பத்தை ரூ.1 கோடிக்கு இந்தியத் தொழில் நிறுவனங்களுக்கு வழங்க 2018-ல் இஸ்ரோ முன்வந்தது. தேர்வான 10 நிறுவனங்களில் சித்தூரின் அமரராஜா பேட்டரீஸ் நிறுவனமும் ஒன்று.

திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் 1985-ல் கால் ஊன்றி, அமெரிக்காவின் ஜான்சன் கன்ட்ரோல்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவோடு 'அமரான்' பேட்டரியை நாடெங்கும் கொண்டுசென்ற குழுமம் அது. 2021-ல் லித்தியம் அயனி செல்களுக்கான ஆய்வு மையம் ஒன்றையும் திருப்பதியில் தொடங்கியது. ஆயினும், தெலங்கானாவில் அமைத்து வரும் பெரும் ஆலைக்கான லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் தொழில்நுட்பத்தை 2024 ஜூனில் உரிமம் பெற்று வாங்கியது சீனாவின் கோஷன் ஹைடெக் குழுமத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனத்திடம் இருந்துதான்.

இதில் அந்நிறுவனத்தைக் குறைசொல்வதற்கு ஒன்றுமில்லை. விண்கலத்தில் போகும் செல்லுக்கு நம்பகத்தன்மையே முதன்மை. விலை பின்னால் வரும். ஆட்டோவிலும் ஸ்கூட்டரிலும் போகும் செல்லுக்கு ஒவ்வொரு ரூபாயும் கணக்கு. முன்னதைப் பின்னதாக மாற்ற, பல ஆண்டுகள் பொறுமையாகச் செய்ய வேண்டிய மெருகேற்றும் வேலை இருக்கிறது. அந்த நடுவழிக்குப் பணம் கொடுக்க அரசும் முன்வரவில்லை; வங்கியும் முன்வரவில்லை. சோதனைச் சாலையில் பிறந்த தொழில்நுட்பம், சந்தையைப் பொறுத்தவரை ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிட்டது.

இத்தனைக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வேதியியல் சீனாவின் கண்டுபிடிப்பு அன்று. 1990-களில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், பின்னாளில் 2019-ம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜான் குட்எனஃப்பின் ஆய்வுக்கூடத்தில் அடையாளம் காணப்பட்டது அது. லித்தியம் அயனி பேட்டரியை 1991-ல் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் சோனி. இவற்றை எடுத்து, பூச்சின் தடிமன், ஆலையின் வேகம், கழிவின் அளவு என்று ஒவ்வொன்றாகச் செப்பனிட்டு மலிவாக்கியதில் பெரும்பங்கு சீன நிறுவனங்களுடையது. 2010-ல் இருந்ததைக் காட்டிலும் பேட்டரியின் விலை இன்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிட்டது. "வெறும் மெருகேற்றல்" என்று ஏளனம் செய்யப்படும் வேலை, ஒரு தொழிலின் உலக ஆட்சியையே இடம் மாற்றியிருக்கிறது.

திருப்பதியிலும் முயற்சி இல்லாமல் இல்லை. சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனம் ரூ.165 கோடி முதலீட்டில் அமைத்த லித்தியம் செல் ஆலையின் முன்னோட்ட உற்பத்தியை 2022 செப்டம்பரில் அன்றைய மத்திய இணை அமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் தொடங்கிவைத்தார். நாளொன்றுக்கு 20,000 செல்கள் என்பது அதன் திட்டம். இத்தகைய சிறிய ஆலைகளுக்குத்தான் மெருகேற்றும் காலத்தில் கைகொடுக்க ஆள் வேண்டும்.

காதங்கி காட்டும் வழி

அதே மண்ணிலேயே மாற்று உதாரணமும் இருக்கிறது. சித்தூர் - திருப்பதி சாலையில் உள்ள காதங்கியில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் இயங்குகிறது. வளிமண்டலத்தின் பல அடுக்குகளில் வீசும் காற்றை அளக்கும் 53 மெகாஹெர்ட்ஸ் ரேடாரை 1990-களின் தொடக்கத்தில் இந்திய விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் இங்கு நிறுவினர். 1,024 ஆன்டெனாக்கள் வரிசையாக நிற்கும் அந்த ரேடாரை அவர்கள் அப்படியே விட்டுவிடவில்லை. பழைய குழாய் வகை அலைபரப்பிகளை அகற்றி, ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் தனித்தனித் திண்மநிலைக் கருவியைப் பொருத்தி, முற்றிலும் மேம்பட்ட ரேடாராக அதை மாற்றினர்.

காதங்கியில் நடந்ததும் மெருகேற்றலே. ஆனால் கட்டியவர்களிடமே அறிவு இருந்தது. எந்த நாட்டின் அனுமதியும் தேவைப்படவில்லை. அடுத்த தலைமுறை மாணவர்களுக்கு அதுவே பள்ளிக்கூடமும் ஆயிற்று. ஸ்ரீசிட்டிக்கும் காதங்கிக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

தில்லி அளக்கும் கோல்

2014-ல் செல்பேசி தயாரிப்பு ஆலைகள் இரண்டே இருந்தன, இப்போது 300-ஐத் தாண்டிவிட்டன என்றும், நாட்டில் விற்கும் செல்பேசிகளில் 99.2 சதவீதம் உள்நாட்டில் தயாரானவை என்றும் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு பெருமையோடு தெரிவித்திருக்கிறது. பெருமைப்பட இடமுண்டு. ஆனால் இரு அவைகளிலும் உறுப்பினர்கள் பெரும்பாலும் கேட்பது எத்தனை ஆலை, எத்தனை வேலை, எங்கள் தொகுதிக்கு எப்போது என்பதே. எத்தனை பொருள்கள் இங்கு வடிவமைக்கப்பட்டன என்ற கேள்வி அபூர்வம்.

அரசின் அளவுகோலும் அப்படித்தான். 2020 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட, செல்பேசி ஆலைகளுக்கான உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்தில், கூடுதல் விற்பனையில் 4 முதல் 6 சதவீதம் தரப்படும் என்று வகுக்கப்பட்டது. 2021-ல் ரூ.18,100 கோடியில் அறிவிக்கப்பட்ட பேட்டரி செல் திட்டமும் விற்பனையையும் உள்நாட்டு மதிப்புக் கூட்டலையும் பார்த்தே பணம் தர முற்பட்டது. விற்பனைக்குப் பரிசு என்றால் விற்பனை பெருகும். ஆராய்ச்சிக்குப் பரிசு இல்லையென்றால் எந்த நிறுவனமும் தனது ஆய்வுக்கூடத்தைக் கடல் கடந்து இங்கே கொண்டுவராது.

நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவாவது 0.64 சதவீதம். அதிலும் தனியாரின் பங்கு 36 சதவீத அளவிலேயே உள்ளது; அமெரிக்கா, சீனா, தென்கொரியாவில் இது 70 சதவீதத்துக்கும் மேல். இந்த இடைவெளியை உணர்ந்தே 2023 ஆகஸ்டில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை மசோதாவை இரு அவைகளும் நிறைவேற்றின. ஐந்து ஆண்டுகளுக்கான ரூ.50,000 கோடியில் ரூ.36,000 கோடி அரசு அல்லாத வழிகளில் வரும் என்று அப்போது சொல்லப்பட்டது. 2025 ஜூலையில் தனியார் ஆராய்ச்சிக்கென ரூ.1 லட்சம் கோடி நிதித் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. திசை சரிதான். ஆனால் கடன் தருவது மட்டும் போதாது. சலுகை பெறுவோருக்குக் கடமையும் விதிக்க வேண்டும்.

அதற்கு முன்மாதிரி அரசின் கையிலேயே உள்ளது. தொலைத்தொடர்புக் கருவிகளுக்கான ஊக்கத் திட்டத்தில், இந்தியாவில் வடிவமைத்துத் தயாரித்தால் கூடுதலாக 1 சதவீதம் என்ற விதி 2022-ல் சேர்க்கப்பட்டது. 2025 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற மின்னணு உதிரிபாகத் திட்டத்தில் ஊக்கத்தொகையின் ஒரு பகுதி வேலைவாய்ப்புடன் இணைக்கப்பட்டது. வேலைக்கு நிபந்தனை விதிக்க முடியும் என்றால், ஆய்வுக்கும் விதிக்க முடியும். சலுகைத் தொகையில் ஒரு பங்கை, ஆலை அமைந்த பகுதியின் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சிக்குச் செலவிட்டே தீர வேண்டும் என்று விதித்தால் எந்த நிறுவனமும் ஓடிவிடப் போவதில்லை. இந்தியச் சந்தை அவர்களுக்குத் தேவை.

பொருத்தும் வேலையில் தொடங்கித்தானே சீனாவும் வளர்ந்தது, பொறுமை வேண்டாமா என்று கேட்போர் உண்டு. பொறுமை வேண்டும்தான். ஆனால் சீனா வெறுமனே காத்திருக்கவில்லை. வந்த நிறுவனங்களிடம் கற்றது. கற்றதை உள்நாட்டு நிறுவனங்களுக்குப் பரப்பியது. அதற்காகவே கொள்கை வகுத்தது. காலம் தானாக எதையும் கற்றுக்கொடுப்பதில்லை.

திருப்பதி மாவட்டத்தின் ஏர்ப்பேடு மண்டலத்தில் ஐஐடி இருக்கிறது. இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. இரண்டும் 2015-ல் தொடங்கப்பட்டவை. அதே மண்டலத்தின் விக்ருதமாலாவில் மின்னணு உற்பத்தித் தொகுப்பும் இருக்கிறது. ஆய்வும் ஆலையும் இத்தனை அருகருகே அமைந்த இடங்கள் நாட்டில் அதிகம் இல்லை. இவற்றுக்கு இடையே பாதை போடுவதற்கு மாபெரும் நிறுவனங்களின் கருணை தேவையில்லை. தில்லியின் ஓர் அரசாணை போதும். ஆலையில் திருகு முடுக்கும் பெண்ணின் மகள் அதே ஆலையின் வடிவமைப்புப் பிரிவில் அமர்வாளா, அல்லது அம்மாவின் இருக்கையிலேயே அமர்வாளா என்பதை அந்த அரசாணைதான் தீர்மானிக்கும்.