தொலைபேசியில் தெரியுமா தொழிலாளியின் மனம்?



2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். வேலையில்லை, கூலியில்லை. அதே 2020-ல்தான் புதுச்சேரியில் ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி ஆலைகளும் மூடப்பட்டன. காய்ந்தது வயிறு மட்டுமா? மனமும் நொந்தது, தூக்கமும் தொலைந்தது.

அந்த நோவைக் கணக்கெடுத்தார்களா? எடுத்தார்கள். தொற்றுக்கு அஞ்சி நேரில் வராமல், போனிலும் இணையத்திலும் எடுத்தார்கள். இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2020 ஏப்ரலில் இணையம் வழியே 1,685 பேரின் பதில்களை ஆராய்ந்தது. ஐந்தில் இருவருக்குப் பதற்றமோ மனச்சோர்வோ இருந்ததாகத் தெரிந்தது. அந்த 1,685 பேரில் தலத்தெருவிலிருந்து நடவுக்குப் போகும் தாய்மார் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இணையம் வேண்டாம், போன் போதும் என்பார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் நூற்றுக்கு 54 பேர்தான். மீதி 46 பேர் கணக்கில் இல்லாதவர்களா?

போன் இருந்தாலும் ஒற்றை அறைக் குடிசையில் ரகசியம் ஏது? புருஷனும் மாமியாரும் பக்கத்தில் இருக்க, “வாழ்க்கை வெறுத்துப்போகிறதா?” என்று முகமறியாத குரல் கேட்டால், “நல்லாத்தான் இருக்கேன்” என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்? கணக்கில் ‘நோயில்லை’ என்று பதிவாகும்!

கொள்ளைநோய்க் காலத்தில் போன் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அதுவே முழுக்கணக்கு என்பதைத்தான் மறுக்கிறோம். 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் வீடுவீடாகச் சென்று தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. அதில் தமிழ்நாடு இருந்தது, புதுச்சேரி இல்லை, ஆகவே காரைக்காலும் இல்லை. மனநோயுற்றோரில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் சிகிச்சையே கிட்டவில்லை என்று அது கண்டது. கணக்கு வந்தது, மருந்து வந்ததா?

எனவே நாம் கேட்பது இவை: போனில் எடுத்த கணக்கில் விடுபட்டவர் யார் என்பதையும் வெளியிடுங்கள். தொற்று தணிந்ததும் குடிசைக்கு வந்து, தனியே உட்கார்ந்து கேளுங்கள். தூக்கத்தைக் கேட்கும்போது கூலியையும் கடனையும் சேர்த்துக் கேளுங்கள். நொந்தேன் என்பவருக்குக் காரைக்காலிலேயே வைத்தியம் கொடுங்கள்.

2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற மனநல உதவி எண்ணைத் தோழர்கள் கூசாமல் பயன்படுத்துங்கள். மனம் நோவது வெட்கமல்ல. அந்த நோவைக் கணக்கில் சேர்க்கவைப்பது சங்கத்தின் கடமை!