கல்லூரியைக் காப்பாற்றுமா கால் பந்து?

அமெரிக்காவில் செப்டம்பர் மாதம் பிறந்துவிட்டால் சனிக்கிழமை தோறும் ஒரே பேச்சுதான். கால் பந்து!

பெரிய பல்கலைக்கழகங்களின் ஆட்டத்தை நேரில் பார்க்கவே லட்சம் பேர் கூடுகிறார்கள். டெலிவிஷனில் பார்ப்பவர்களுக்குக் கணக்கே இல்லை. இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

தெரியாத செய்தி ஒன்று உண்டு. சின்னஞ்சிறு ஊர்களில், ஆயிரம் இரண்டாயிரம் மாணவர்களே படிக்கும் கல்லூரிகளிலும் கால் பந்து கோஷ்டிகள் இருக்கின்றன. அவற்றுக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். யார் அவர்கள்? ஆட்டக்காரர்களின் அப்பா, அம்மா, அண்ணன், தம்பி. அங்கே படித்து முடித்துப் பேரன் பேத்தி எடுத்துவிட்ட பழைய மாணவர்கள். கல்லூரிக்கு எதிரே கடை வைத்திருப்பவர்கள். கூட்டம் சிறிதுதான். ஆனால் வாதம் செய்வதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

இரண்டு ஆட்டம் முடிவதற்குள் வாதம் தொடங்கிவிடும்.

"எங்கள் கோஷ்டி 50 பாயிண்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது. இந்த ஆண்டு கோப்பை எங்களுக்குத்தான்!" என்பார் ஒருவர்.

"நோஞ்சானை அடித்துவிட்டு மீசையை முறுக்குகிறீர்களா?" என்று கேட்பார் இன்னொருவர்.

கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் இந்த விளையாட்டுக்குப் பின்னால் பல கல்லூரிகளின் உயிரே ஊசலாடிக்கொண்டு இருக்கிறது.

பெயர்தான் கால் பந்து

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்கர்கள் ஆடும் கால் பந்து, நம் ஊர் பிள்ளைகள் ஆடும் கால் பந்து அல்ல. பந்து உருண்டையாக இருக்காது. இரு முனையும் கூராக, மாங்கொட்டை போல நீண்டு இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். தூர வீசலாம். காலால் உதைப்பது எப்போதாவதுதான்.

ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் பக்கத்துக்கு 4 முயற்சிகள். அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் 4 முயற்சிகள். எதிரியின் எல்லையைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்விட்டால் 6 பாயிண்டு. பந்தோடு ஓடுபவனை மற்றவர்கள் மோதித் தள்ளுவார்கள். அதனால்தான் தலையில் இரும்புத் தொப்பி போன்ற கவசம். தோளிலும் கவசம்.

சம்பளம் யாருக்கு?

கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசியச் சங்கம், 1973-ம் ஆண்டில் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாகப் பிரித்தது. முதல் பிரிவில் பெரிய பல்கலைக்கழகங்கள். இரண்டாவது, நடுத்தரம். மூன்றாம் பிரிவில் பெரும்பாலும் சின்னக் கல்லூரிகள். இந்த மூன்றாம் பிரிவில் மட்டும் சுமார் 240 கல்லூரிகள் கால் பந்து ஆடுகின்றன.

மூன்றாம் பிரிவுக்கு முக்கியமான விதி ஒன்று உண்டு. விளையாட்டுக்காக யாருக்கும் உதவித்தொகை கொடுக்கக் கூடாது. ஏழை மாணவன் என்றால் உதவி உண்டு. நன்றாகப் படிப்பவன் என்றால் சலுகை உண்டு. "பந்து ஆடுகிறான்" என்பதற்காக ஒரு காசும் கிடையாது.

முதல் பிரிவிலோ நிலைமை தலைகீழ். 2025-ம் ஆண்டில் ஒரு வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதன்படி பெரிய பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை கொடுக்க அனுமதி!

அங்கே ஆட்டக்காரனுக்குச் சம்பளம். இங்கே ஆட்டக்காரன்தான் கல்லூரிக்குச் சம்பளம் கட்டுகிறான்.

முதல் மூன்று வாரம்

மூன்றாம் பிரிவில் ஒரு கோஷ்டிக்குப் பருவத்தில் சாதாரணமாக 10 ஆட்டங்கள். பக்கத்துக் கல்லூரிகள் பல சேர்ந்து ஒரு வட்டாரக் கூட்டு வைத்திருக்கும். பெரும்பாலான ஆட்டங்கள் அந்தக் கூட்டுக்குள்ளேயே நடந்துவிடும். வெளியாரோடு மோதுவது இரண்டு மூன்று ஆட்டங்களில்தான். அவை அநேகமாகப் பருவத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும்.

இங்கேதான் ரசிகர்களின் மண்டை குழம்புகிறது. ஒஹையோ மாநிலத்துக் கோஷ்டி பெரியதா, டெக்சாஸ் கோஷ்டி பெரியதா? இரண்டும் நேருக்கு நேர் சந்திப்பதே அபூர்வம். எனவே ரசிகர்கள் சங்கிலி போடுகிறார்கள். "நாங்கள் அவர்களை ஜெயித்தோம். அவர்கள் இவர்களை ஜெயித்தார்கள். எனவே நாங்கள் இவர்களைவிடப் பெரியவர்கள்!" இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனால் எந்தக் கோஷ்டியையும் முதல் இடத்தில் உட்கார வைத்துவிடலாம்.

பருவம் தொடங்கும் முன்பே "முதல் 25 கோஷ்டிகள்" என்று பட்டியலும் வந்துவிடுகிறது. அது பெரும்பாலும் போன ஆண்டு வெற்றியைப் பார்த்துப் போடுகிற பட்டியல். போன ஆண்டு ஆடியவர்களில் பலர் பட்டம் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். பந்து வீசுகிறவன் புதியவனாக இருப்பான். இதெல்லாம் அக்டோபரில்தான் வெளுக்கும்.

அப்படியானால் செப்டம்பர் ஆட்டம் வெறும் ஒத்திகையா? இல்லை. வட்டாரக் கூட்டில் முதலாவதாக வரும் கோஷ்டி நேராகத் தேசியப் போட்டிக்குப் போகும். மீதி இடங்கள் கணக்குப் போட்டுக் கொடுக்கப்படுகின்றன. 2024-ம் ஆண்டில் தேசியப் போட்டிக்கான இடங்கள் 32-ல் இருந்து 40 ஆக உயர்ந்தன. அந்த ஆண்டிலேயே புதிய கணக்கு முறையும் வந்தது. எத்தனை ஜெயித்தாய் என்பதோடு, யாரை ஜெயித்தாய் என்பதையும் அந்தக் கணக்கு பார்க்கும். எனவே செப்டம்பரில் பலசாலியோடு மோதித் தோற்றாலும் முழு நஷ்டம் இல்லை. நோஞ்சானோடு மோதி ஜெயித்தாலும் முழு லாபம் இல்லை. ரசிகர்கள் பென்சிலும் காகிதமுமாக உட்காருவதற்கு இதுதான் காரணம்.

ஒரு தோல்வியோடு கதை முடிந்துவிடாது என்பதற்கு மவுண்ட் யூனியன் கல்லூரி சாட்சி. ஒஹையோ மாநிலத்தில் அலையன்ஸ் என்ற சிறிய நகரத்தில் இருக்கிறது. தேசியப் பட்டத்தை 13 முறை வென்ற கல்லூரி இது. லாரி கெரஸ் என்பவர் 1986 முதல் 2012 வரை பயிற்சி கொடுத்தார். அவர் காலத்தில் 332 வெற்றி, 24 தோல்விதான்! பருவ ஆட்டங்களில் தொடர்ந்து 110 வெற்றி பெற்ற இந்தக் கோஷ்டி, 2005 அக்டோபரில் ஒஹையோ நார்தர்ன் என்ற கோஷ்டியிடம் தோற்றது. ரசிகர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பட்டம் மவுண்ட் யூனியனுக்கே வந்தது.

2005 முதல் 2011 வரை 7 ஆண்டுகளும் இறுதி ஆட்டத்தில் மோதியவை இரண்டே கோஷ்டிகள். ஒன்று மவுண்ட் யூனியன். மற்றது விஸ்கான்சின் மாநிலத்து ஒயிட்வாட்டர். அந்த நாட்களில் "இந்த ஆண்டு யார்?" என்று கேட்பவரைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். இன்று அப்படிச் சிரிக்க முடியாது. 2023-ல் நியூயார்க் மாநிலத்து கார்ட்லண்ட் 38-37 என்ற கணக்கில் நார்த் சென்ட்ரல் கல்லூரியை வென்றது. ஒரே ஒரு பாயிண்டு வித்தியாசம்!

விசில் ஊதாத பயிற்சியாளர்

இந்தச் சின்னக் கல்லூரிகளின் உலகத்தில் ஒரு பெயரைச் சொன்னால் எல்லா ரசிகர்களும் எழுந்து நிற்பார்கள். ஜான் கக்லியார்டி.

கொலராடோ மாநிலத்தில் பிறந்தவர். 1943-ல் அவர் பள்ளிக்கூடத்துப் பயிற்சியாளர் யுத்தத்துக்குப் போய்விட்டார். கோஷ்டியைக் கலைக்கப் பார்த்தார்கள். "நானே பயிற்சி கொடுக்கிறேன்" என்று முன்வந்தார் கக்லியார்டி. அப்போது வயது 16!

பிறகு மின்னசோட்டா மாநிலத்தில் செயிண்ட் ஜான்ஸ் கல்லூரிக்கு 1953-ல் வந்தார். கிறிஸ்தவத் துறவிகளின் மடத்தோடு சேர்ந்த கல்லூரி அது. 2012 வரை அங்கேயே இருந்தார். மொத்தம் 489 வெற்றிகள். அமெரிக்கக் கல்லூரிக் கால் பந்தில் வேறு எந்தப் பயிற்சியாளரும் இத்தனை வெற்றி பெற்றதில்லை.

அவருடைய வழியே தனி. பயிற்சியில் ஒருவனை ஒருவன் மோதி வீழ்த்தக் கூடாது. விசில் ஊதுவது கிடையாது. "கோச்" என்று கூப்பிடக் கூடாது. ஜான் என்றே கூப்பிட வேண்டும். பயிற்சியிலேயே எலும்பை முறித்துக்கொண்டால் ஆட்டத்துக்கு யார் இருப்பார்கள் என்பது அவர் வாதம்.

பலர் அவரைக் கேலி செய்தார்கள். ஆனால் கால் பந்தில் தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்படுகிறது என்று டாக்டர்கள் எச்சரித்த பிறகு கேலி நின்றுவிட்டது. ஹார்வர்டு, யேல் முதலிய 8 புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களின் கூட்டு, பருவ காலப் பயிற்சியில் மோதி வீழ்த்துவதை 2016-ல் தடை செய்தது. கக்லியார்டி அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்ததைத்தான் அவர்கள் செய்தார்கள். 2018-ல், 91-வது வயதில் அவர் காலமானார்.

97-க்குப் பூஜ்யம்

எல்லாக் கதையும் இவ்வளவு இனிமையாக இல்லை.

அதே மின்னசோட்டாவில் செயிண்ட் தாமஸ் என்று ஒரு கல்லூரி. வட்டாரக் கூட்டை 1920-ல் தொடங்கியவர்களில் அதுவும் ஒன்று. ஆனால் நாளாக நாளாக அது பெரிதாக வளர்ந்துவிட்டது. மற்றவை சிறிதாகவே இருந்தன. 2017-ல் செயிண்ட் ஓலாஃப் கல்லூரியோடு ஓர் ஆட்டம். முடிவு: 97-0!

தோற்றவர்கள் கசந்து போனார்கள். 2019-ல் கூட்டில் இருந்த கல்லூரிகள், "நீங்கள் வெளியே போகலாம்" என்று செயிண்ட் தாமசுக்குச் சொல்லிவிட்டன. தப்புத் தண்டா எதுவும் செய்ததாகக் குற்றச்சாட்டு இல்லை. பலசாலியாக இருந்தது ஒன்றே குறை! அந்தக் கல்லூரி 2021-ல் மூன்றாம் பிரிவில் இருந்து நேராக முதல் பிரிவுக்கே போய்விட்டது.

நியாயமா, அநியாயமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. வெளியேற்றியது கொஞ்சம் கடுமைதான். ஆனால் 97-0 என்று தோற்ற பையனின் தாய் தந்தையும் சம்பளம் கட்டித்தான் அவனை அங்கே படிக்க வைக்கிறார்கள். சின்னக் கல்லூரிகள் பயப்படுவது அதற்குத்தான். பையன்கள் வராமல் போனால்?

கணக்குப் புத்தகம்

இனி விஷயத்துக்கு வரலாம். உதவித்தொகையும் இல்லை, பெரிய டிக்கெட் வசூலும் இல்லை. பிறகு ஏன் இந்தக் கல்லூரிகள் கோஷ்டி வைத்து நடத்துகின்றன?

கோஷ்டியில் எத்தனை பேர் என்று பார்த்தால் ரகசியம் வெளியாகிவிடும். களத்தில் நிற்பது 11 பேர். பெயர்ப் பட்டியலில் இருப்பதோ பல கல்லூரிகளில் 100 பேருக்கு மேல்! இத்தனை பேரும் சம்பளம் கட்டும் மாணவர்கள். ஆட ஆசைப்பட்டு அந்தக் கல்லூரியைத் தேடி வந்தவர்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். தனியார் கல்லூரிகளில் ஆண்டுச் சம்பளம் சராசரி 40 ஆயிரம் டாலருக்கு மேல். ஆனால் புது மாணவர்களுக்கு சராசரியாகப் பாதிக்கு மேல் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். கைக்கு வருவது தலைக்கு 20 ஆயிரம் டாலர் என்று வைத்துக்கொண்டால், 100 பேருக்கு 20 லட்சம் டாலர்! பயிற்சியாளர், கவசம், பஸ், வைத்தியச் செலவு போக மிச்சம் நிற்கும். ஆயிரம் பேர் படிக்கும் கல்லூரிக்கு இது பெரிய பணம். அமெரிக்கக் கல்லூரிகளில் இப்போது 10 பேரில் ஏறக்குறைய 6 பேர் பெண்கள். ஆண் பிள்ளைகளை இழுக்கக் கால் பந்து ஒரு தூண்டில்.

இதைப் பார்த்துப் பல கல்லூரிகள் புதிதாகக் கோஷ்டி சேர்த்தன. அர்கன்சாஸ் மாநிலத்து ஹெண்டிரிக்ஸ் கல்லூரி, 50 ஆண்டுகளுக்கு மேல் கைவிட்டிருந்த ஆட்டத்தை 2013-ல் மீண்டும் தொடங்கியது. ஜார்ஜியா மாநிலத்து பெர்ரி கல்லூரியும் அதே ஆண்டில் முதல் முறையாக இறங்கியது.

ஆனால் எல்லாருக்கும் இது பலிக்கவில்லை. அலபாமா மாநிலத்து பர்மிங்காம்-சதர்ன் கல்லூரி 1856-ல் தோன்றியது. 2007-ல் கால் பந்தை மீண்டும் கொண்டுவந்தது. ஆனால் கடன் கழுத்தை நெரித்தது. மாநில அரசிடம் கடன் கேட்டது. கிடைக்கவில்லை. 2024 மே 31-ந் தேதி கதவை மூடியது. அன்றைய தினம் அதன் பேஸ்பால் கோஷ்டி ஒஹையோவில் தேசியப் போட்டியில் ஆடிக்கொண்டு இருந்தது! கல்லூரி போய்விட்டது, கோஷ்டி மட்டும் இருந்தது. ஜூன் தொடக்கத்தில் அதுவும் தோற்று வெளியேறியது.

மாசசூசெட்சில் பெக்கர் கல்லூரி 2021-ல் மூடப்பட்டது. மிச்சிகனில், பின்லாந்தில் இருந்து குடியேறியவர்கள் 1896-ல் நிறுவிய பின்லாண்டியா 2023-ல் மூடப்பட்டது. இரண்டிலும் கால் பந்து கோஷ்டி இருந்தது. கல்வி நடத்தப் பணம் இல்லாத இடத்தில் பந்து மட்டும் என்ன செய்யும்?

இனி வரும் ஆண்டுகள் இன்னும் கடினம். அமெரிக்காவில் 2007-ல் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன. அதுதான் உச்சம். அடுத்த ஆண்டில் இருந்து பிறப்பு குறையத் தொடங்கியது. 2007-ல் பிறந்தவர்களுக்கு 2025-ல் 18 வயது. அதாவது, கல்லூரிக்கு வரும் வயதுப் பிள்ளைகளின் தொகை இனி குறையும். போதாக்குறைக்கு, சின்னக் கல்லூரியில் நன்றாக ஆடுகிறவனைப் பெரிய பல்கலைக்கழகம் கொத்திக்கொண்டு போகிறது. கல்லூரி மாறும் விதிகள் இப்போது தளர்ந்துவிட்டன.

அதனால் ரசிகர்கள் செப்டம்பரில் இரண்டு தாள்களைப் பார்க்கிறார்கள். ஒன்று, யார் யாரை ஜெயித்தார்கள் என்ற தாள். மற்றது, தங்கள் கோஷ்டியின் பெயர்ப் பட்டியல். அதில் எத்தனை பேர் முதல் ஆண்டு மாணவர்கள்? போன ஆண்டு 45 பேர் சேர்ந்த இடத்தில் இந்த ஆண்டு 28 பேர்தான் என்றால், முதல் ஆட்டத்தில் 50 பாயிண்டு வித்தியாசத்தில் ஜெயித்த கோஷ்டியின் ரசிகரும் வாயைத் திறக்க மாட்டார்.